குலசிங்கம் பாலம் பார்க்கப் போனது

இறங்குவதில்லை. அதுதான் முடிவு. கோல்மார் ஹோட்டலில் பல் தீட்டிக்கொண்டிருந்தபோதே, வாயில் நுரையோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி, குலசிங்கம் அந்த முடிவை எடுத்துவிட்டார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சிவநேசம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்: “இஞ்சாருங்கோ, மத்தியானம் பஸ் கடைசியா ரைன் ஆத்துப் பாலத்தடியிலை நிக்குமாம். அங்காலை ஜேர்மனி. மலர் வருவா. நான்தான் வரச் சொன்னனான். பாலத்துக்கு நடுவிலை நிப்பா. விருப்பமெண்டா இறங்கிப் போய் உங்கடை தங்கச்சியோடை கதையுங்கோ, விருப்பமில்லாட்டி பஸ்ஸுக்குள்ளை குந்தியிருங்கோ.” கலியாணம் முடித்த நாளிலிருந்து பெண்சாதி இப்படித்தான், பெரிய கதை எதுவானாலும் அவர் வாயில் நுரையோ சோறோ இருக்கிற நேரம் பார்த்துத்தான் சொல்லுவாள், உடனே பதில் வராது என்று அவளுக்குத் தெரியும், அவர் துப்பிக் கொப்பளித்து வெளியே வருவதற்குள் அவள் கீழே போய்ப் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் அப்படியேதான் நடந்தது. அதனால் சொல்லாத பதில் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறது, பஸ் ஏறி, பெல்ட் போட்டு, கோல்மார் நகரத்துக் கடைசி வீடும் பின்னால் போன பிறகும் கிடக்கிறது. இறங்குவதில்லை. எட்டு வருஷமாகக் கதைக்காதவளோடு பாலத்தில் நின்று என்ன கதை, பாலம் என்ன கதைக்கிற இடமா, அது கடந்து போகிற இடம், அதிலும் அவர் கடக்கப்போவதில்லை, ஜேர்மன் மண்ணை இந்தக் காலால் மிதியேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர் அவர், சொன்ன வாய் இன்னும் முகத்தில்தான் இருக்கிறது. அவளும்தான் சொன்னாளாம், பிரான்ஸ் மண்ணை மிதியேன் என்று. நல்லது. அவளுக்கு அந்தப் பக்கம், இவருக்கு இந்தப் பக்கம், நடுவில் ஆறு, ஆறு இருக்கிறது அதற்குத்தானே.

“வணக்கம், வணக்கம், எல்லாரும் நித்திரையோ?” என்று நிமலன் ஒலிவாங்கியில் ஊதினான். நிமலன்தான் இந்தச் சுற்றுலாவுக்கு முதலாளி, வழிகாட்டி, பாட்டுக்காரன் எல்லாம்; பாரிஸ் தமிழர்களைக் கோடையில் பஸ்ஸில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டுகிறவன். “இதுதான் அல்சாஸ். பிரான்சின்ரை கிழக்கு ஓரம். இடப்பக்கம் நீலமாத் தெரியிறது வோஜ் மலை. மலையடி முழுக்கத் திராட்சைத் தோட்டம், வைனுக்குப் பேர்போன இடம், அண்ணைமார் இப்பவே எழும்பாதேங்கோ, கடை பிறகுதான். வலப்பக்கம் தூரத்திலை கறுப்பாக் கிடக்கிறது ஜேர்மனியின்ரை காடு. அதுக்குப் பேரே கறுப்புக் காடு.” பஸ் முழுவதும் வலப்பக்கம் தலை திருப்பியது. குலசிங்கம் திருப்பவில்லை. அதற்காகத்தான் இடப்பக்க யன்னலைப் பிடித்தார், ஜேர்மனிக்கு முதுகு காட்டி இருப்பதற்காக. ஆனால் யன்னல் கண்ணாடி என்றொரு சனியன் இருக்கிறதே, பஸ் வளைவில் திரும்பும் போதெல்லாம் அந்தக் கறுப்புக் காடு எதிர்ப்பக்கத்து யன்னலால் நுழைந்து இவர் பக்கத்துக் கண்ணாடியில் வந்து விழுந்தது, திராட்சைக் கொடிகளுக்கு மேலே, மலைக்கு மேலே, அவருடைய மூக்குக்கு மேலே. பார்க்காமல் இருக்கக் கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் இந்தப் பச்சை போய்விடும். இப்படி ஒரு பச்சையை விட்டுக் கண்ணை மூடுகிறவன் மடையன். கொடிகள் வரிசை வரிசையாக, வாரிவிட்ட தலை மாதிரி, மலை ஏறிப் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு சிவப்பு றோசாச் செடி, ஆர் பார்க்கவென்று நட்டானோ, வெயில் இலைகளில் பட்டுத் தெறித்து பஸ்ஸுக்குள் ஓடித் திரிந்தது, முன் சீட்டுக்காரரின் மொட்டையில் ஒரு முறை ஏறி இறங்கியது. அந்த மொட்டையோடும் அவருக்கு ஒரு கோபம் உண்டு, நேற்று காலை முன் சீட்டுக்குத் துவாயைப் போட்டு இடம் பிடித்ததற்கு. ஆனால் அது இரண்டு நாள் கோபம், இளசு, வேரில்லை, வெயில் பட்டதும் வாடிக்கொண்டிருந்தது.

வளைவு திரும்பியதும் ஊர் வந்தது. வந்த விதம்தான் ஆச்சரியம், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழும்பி வந்தது, கூரான கோயில் கோபுரம், அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வீடுகள், மஞ்சளும் நீலமும் றோசாவுமாகச் சுவர்கள், சுவருக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள், யன்னல்தோறும் சிவப்புப் பூ, கூரையின் உச்சியில் வண்டிச் சில்லு மாதிரி ஒரு கூடு, கூட்டில் ஒற்றைக் காலில் ஒரு நாரை. குலசிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தெரியும். அவருக்கு இந்த ஊர் தெரியும். இந்தக் கோபுரம், இந்தக் கூரை, இந்த நாரை, இதை அவர் கழுவியிருக்கிறார். பாரிசில் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அல்சாஸ் சாப்பாட்டுக் கடையில் பாதி ஆயுள் தட்டுக் கழுவினார், பீங்கான் தட்டு, நீல விளிம்பு, நடுவில் ஓர் ஊர். புளிக்கவைத்த கோவா இலையும் பன்றி இறைச்சியும் தின்றுவிட்டு வைத்த தட்டில் முதலில் ஊர் தெரியாது, கொழுப்பும் கடுகுச் சாறும்தான் தெரியும், வெந்நீரைப் பீய்ச்சினால் முதலில் நாரையின் கால் வரும், பிறகு கூரை, பிறகு கோபுரம், பிறகு தலையில் சிறகு மாதிரிப் பெரிய கறுப்பு நாடா கட்டின பெட்டை ஒருத்தி, தேய்க்கத் தேய்க்க ஒரு ஊரே எழும்பி வரும். சமையல்காரன் எர்னெஸ்ட் இந்தப் பக்கத்துக்காரன், கரண்டியால் தட்டைத் தட்டி “என்ரை ஊர், என்ரை வீடு” என்பான். குலசிங்கம் தலையாட்டுவார், நம்பமாட்டார். வீட்டுச் சுவருக்கு ஆராவது றோசா நிறம் அடிப்பானா, கூரையில் பறவையை வைத்துக்கொண்டு ஆராவது கீழே படுப்பானா, கலண்டரில் வருகிற கைலாசம் மாதிரி இதுவும் கீறினவன் நினைத்துக் கீறினது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தார். இப்போது அந்தத் தட்டுக்குள் பஸ் நுழைந்துகொண்டிருந்தது. கடுகுச் சாறு ஒரு துளி இல்லை. எல்லாம் துடைத்து வெயிலில் வைத்தது போல் இருந்தது. எர்னெஸ்ட், நீ பொய்யனில்லை, உன்னைப் பொய்யன் என்று மனதுக்குள் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அப்படியென்றால் வேறு என்னென்ன எல்லாம் உண்மை.

அந்த ஊரில் நிறுத்தினார்கள். கல் பாவிய தெருவில் நடக்கும்போது உள்ளங்கால் கூசியது, கூசினது நன்றாக இருந்தது. வெதுப்பகத்து வாசலில் முடிச்சுப் போட்ட உப்புப் பாண் தொங்கியது, சிவநேசம் ஒன்று வாங்கிப் பிய்த்துப் பாதியை அவர் கையில் திணித்தாள், உப்புக்கல் நாக்கில் வெடித்தது. தெருப் பெயர்களை இரண்டு மொழியில் எழுதியிருந்தார்கள், ஒன்று பிரெஞ்சு, மற்றது இந்த ஊர்ப் பாஷை. இரண்டையும் அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இரண்டும் ஒரே வேகத்தில்தான் வந்தன, அதனால் இந்தத் தெரு அவருக்கு எந்த ஓரவஞ்சனையும் செய்யவில்லை. அண்ணாந்தார். கூட்டில் நின்ற நாரையிடம் மற்றது பறந்து வந்து இறங்கியது, இறங்கியதுதான் தாமதம், இரண்டும் கழுத்தை முதுகில் படும்வரை பின்னால் வளைத்து அலகை அடித்தன, டக டக டக டக என்று, சமையலறையில் இருபது கரண்டியை ஒன்றாக உதறின மாதிரி. குரல் இல்லையாம் அதற்கு, நிமலன் சொன்னான், வளர்ந்த நாரைக்குக் கூவத் தெரியாது, வீட்டுக்கு வந்த துணையை இப்படித்தான் வரவேற்கும், குளிருக்கு ஆபிரிக்காவுக்குப் போய்விட்டு அதே கூட்டுக்குத்தான் திரும்பி வரும். போய்விட்டு வந்தவரிடம் எங்கே போனாய், ஏன் போனாய், ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கிற சத்தமா அது? அப்படித் தெரியவில்லை. சண்டை மாதிரி இருந்தது, சண்டையும் இல்லை. குலசிங்கத்துக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ குமிழி குமிழியாக ஏறியது. “சிரிக்கிறியளோ?” என்றாள் சிவநேசம். “ஆர் சிரிச்சது? உப்பு தொண்டையிலை பிடிச்சிட்டுது.” “ஓமோம். பல்லெல்லாம் தெரியுது உப்புக்கு.”

இதுதான் பிரச்சினை. பஸ் திரும்ப ஓடத் தொடங்கியதும் அவர் அதைத்தான் யோசித்தார், இப்படி ஒரு நாளில் எப்படிக் கோபத்தை வைத்திருப்பது. அதைக் கையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடித்தால் வழுக்குகிறது. சரி, முதலிலிருந்து வருவோம். மலர் கூடப் பிறந்தவள், ஒரே தங்கச்சி, இராசமலர் என்று பேர் வைத்ததே அவர்தான் என்று ஆச்சி சொல்லுவா. அவளுடைய மகளுக்குக் கலியாணம், ஸ்டுட்கார்ட்டில். தாய்மாமன் ஆர்? குலசிங்கம். தாய்மாமனுக்கு எப்படிச் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்து, இருந்து, தண்ணி குடித்து, கார்டைக் கையில் தந்து, அண்ணை நீதான் முன்னுக்கு நிண்டு நடத்த வேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். அவளும் புருஷனும் காரில் பாரிசுக்கு வந்தார்கள். வந்தது உண்மை. அவருடைய கட்டிடத்துக்குள்ளும் வந்தார்கள், அதுவும் உண்மை. மூன்றாம் மாடியில் நடேசபிள்ளை வீட்டுக்குப் போனார்கள், வடை தின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், கார்டைக் கையில் கொடுத்தார்கள். ஒன்பதாம் மாடியிலிருந்த அவருக்கு? கீழே தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மின்சாரப் பில்லுக்கும் பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் மருமகளின் கலியாணம் கிடந்தது. ஆ, இதோ, இப்போது பிடிபட்டது, காது மடல் சுட்டது, நடேசபிள்ளை அடுத்த நாள் லிப்டடியில் நின்று பல்லைக் குத்திக்கொண்டு “உங்கடை தங்கச்சி வந்து போனவா, நல்ல பிள்ளை” என்றானே, அந்தப் பல்லுக்குச்சி. அவர் கலியாணத்துக்குப் போகவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஆரோ ஒன்றுவிட்ட சகோதரம் நின்றானாம், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. அதற்கு மலர் அழுதாளாம். அழட்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். அன்றைக்குத்தான் அந்த மண்ணை மிதியேன் என்றதும். மருமகள் கூறைச் சேலையில் எப்படி இருந்தாள் என்று அவருக்குத் தெரியாது, படம் காட்ட வந்தவர்களைத் தன்னிடம் கண்ணாடி இல்லை, தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் ஆருக்கு என்ன குறைந்திருக்கும்.

“இந்த இடம் இருக்கெல்லோ,” என்று நிமலன் திரும்பவும் தொடங்கினான், “எழுபத்தைஞ்சு வருஷத்துக்குள்ளை நாலு தரம் கை மாறினது. பிரான்ஸ், பிறகு ஜேர்மனி, பிறகு பிரான்ஸ், பிறகு ஜேர்மனி, கடைசியாத் திரும்பவும் பிரான்ஸ். இஞ்சை பிறந்த ஒரு கிழவி கதிரையை விட்டு எழும்பாமலே நாலு தரம் நாட்டை மாத்தியிருப்பா.” “எங்களுக்கு ஒரு தரம் மாத்தவே இடுப்பு முறிஞ்சுது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல், பஸ் சிரித்தது. குலசிங்கம் சிரிக்கவில்லை, அவருக்குத் தான் களவாக வந்த வான் வண்டி ஞாபகம் வந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, இதே ஜேர்மனியிலிருந்து இதே பிரான்சுக்கு, சுருட்டின கம்பளங்களுக்குக் கீழே, பட்டப்பகலில், முகத்தில் ஆரோ ஒருத்தனின் குதிக்கால். ஒன்றும் தெரியாது, சத்தம்தான். ரோட்டில் கரகரத்த ரயர் திடீரென்று வேறு மாதிரி உறுமியது, கீழே ஒன்றும் இல்லாதது போல. “ஆறு,” என்று குதிக்கால்காரன் குசுகுசுத்தான். இந்த ஆறுதானா, எந்தப் பாலம், ஒன்றும் தெரியாது, அதன் மேலால் போனவர் அதைப் பார்க்கவில்லை. பிறகு வான் நின்றது. நின்றதும் மூச்சு எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. குலசிங்கத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பாஸ்போட்டைத் தொட்டது. இருக்கிறது. சிவநேசம் அந்தக் கையைப் பார்த்தாள், பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், “ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஆத்துக்கு மேலாலை டிராம் ஓடுதாம், சனம் அங்காலை போய்ச் சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வருதாம்.” சவர்க்காரம் வாங்கவா. மூச்சை அடக்கிக் கடந்த ஆற்றைச் சவர்க்காரம் வாங்கக் கடக்கிறார்கள். அவருக்குக் கோபம் வர வேண்டும், வந்தது கோபம் இல்லை, யன்னலைத் திறந்துவிட்டது மாதிரி ஏதோ ஒன்று. அதைத் தொடர்ந்து பயமும் வந்தது, வேறு பயம். அவள் வராவிட்டால்? நான் இறங்க மாட்டேன் என்று வீம்பாக இருக்கிறேன், இறங்கித்தான் பார்த்தேன் என்று வை, பாலத்தின் நடுவில் ஒருத்தியும் இல்லாவிட்டால் என்ன செய்வது, காற்றோடா கதைப்பது, இத்தனை பேருக்கு முன்னால்? அவளுக்கும் வீம்பு உண்டே, ஒரே வயிற்று வீம்பு. வந்து, ஆளை அடையாளம் தெரியாவிட்டால்? எட்டு வருஷத்தில் சனம் கிழண்டுபோகும். என்னைப் பார்த்து அவள் கிழவன் என்று நினைப்பாளே.

பஸ் நின்றது. பூங்கா, பெரிய பெரிய மரம், அதற்கு அப்பால் வானம் அகலமாகிப் போகிற விதத்திலிருந்தே அங்கே தண்ணீர் இருக்கிறதென்று தெரிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சிவநேசமும் இறங்கினாள், தோளில் பெரிய பை ஒன்று, திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு கெட்டித்தனம். குலசிங்கம் இருந்தார். பஸ்ஸுக்குள் ஈ ஒன்று யன்னலில் முட்டி முட்டி விழுந்தது. இறங்குவதில்லை என்று முடிவு செய்தவர் வேறென்ன செய்ய முடியும், ஈயைப் பார்க்கலாம். சாரதி, தடித்த பிரெஞ்சுக்காரன், சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். பூட்டப்போகிறேன் ஐயா, சாப்பிடப் போகிறேன், உள்ளே ஆளை வைத்துப் பூட்டச் சட்டம் விடாது என்றான். சட்டம் என்று வந்த பிறகு என்ன செய்வது. குலசிங்கம் இறங்கினார். தங்கச்சிக்காக இறங்கவில்லை, சட்டத்துக்காக இறங்கினார். இறங்கினவர் வெயிலில் நிற்க முடியாது, மர நிழலுக்குப் போனார். நிழலிலிருந்து பார்த்தால் பாலம் தெரிந்தது, வெள்ளைக் கம்பிகளால் ஆகாயத்தில் தொங்கவிட்டது மாதிரி, கார் போகாத, நடக்கிறவர்களுக்கென்றே கட்டின பாலம். பார்க்கத்தானே காசு கட்டி வந்தது, பார்க்கலாம். பாலத்தில் இரண்டு பாதை, ஒன்று படி வைத்து மேலால், மற்றது சைக்கிள் போகிற மாதிரித் தட்டையாகக் கீழால், இரண்டும் நடுவில் ஒரு மேடையில் சேர்ந்தன. அவர் படியால் ஏறினார். கீழே ரைன், பச்சையும் சாம்பலுமாக, கப்பல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவசரமில்லாமல் போனது. காற்று சட்டையை ஊதிப் பெருக்கியது. அவருக்கு உடம்பு இலேசாகிப் போனது, இந்த ஆற்றை இவ்வளவு உயரத்திலிருந்து, இவ்வளவு வெளிச்சத்தில், மூச்சை விட்டு விட்டுப் பார்க்கிறேன், பார் குதிக்கால்காரா, நீ எங்கே இருந்தாலும் பார். மேடைக்கு வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பொம்பிளை நின்றாள். முதுகுதான் தெரிந்தது. முதுகு போதும்.

“வந்திட்டியோ?” என்றாள் மலர், திரும்பாமல்.

“நான் வரேல்லை. பாலம் பாக்க வந்தனான்.”

“நானும் பாலம்தான் பாக்கிறன். வடிவான பாலம்.”

“ஓம். வடிவுதான்.”

காற்று. கீழே கப்பல்காரன் கை காட்டினான், இரண்டு பேரும் காட்டவில்லை.

“ஏன் அண்ணை, ஒரு கலியாணத்துக்கு வர ஏலாதோ உனக்கு?”

“ஆர் சொன்னது? தபால்பெட்டி வந்து சொன்னதோ?”

“லிப்ட் பழுது. எனக்கு முழங்கால்.”

“நடேசபிள்ளை வீட்டுக்கு ஏற முழங்கால் இருந்ததோ?”

“அது மூண்டாம் மாடி. மூண்டுக்கு வரும், ஒன்பதுக்கு வராது. கீழையிருந்து எத்தினை தரம் போன் அடிச்சனான் தெரியுமே? நீ எடுத்தனியே?”

“வேலையிலை இருந்தனான். கையெல்லாம் சவர்க்காரம்.”

“அப்ப வேலையால வந்து எடுத்திருக்கலாமெல்லோ.”

எடுத்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. பல்லுக்குச்சி குறுக்கே வந்தது. அதை எப்படி இவளுக்கு விளங்கப்படுத்துவது, ஒரு பல்லுக்குச்சி இவ்வளவு பெரிசாக வளர்ந்து ஒரு ஆற்றை மறிக்கும் என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது, நிமலன் முழுப் பஸ்ஸையும் மேடைக்குக் கூட்டி வந்துவிட்டான். “எல்லாரும் நில்லுங்கோ, படம்! ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவிலை ஒரு படம்! குலசிங்கம் அண்ணை, நீங்கள்தானே ஒரு படத்திலையும் நிக்க மாட்டியள், இந்தாங்கோ, எடுங்கோ.” போனைக் கையில் திணித்தான். சிவநேசம் வந்து “வா மச்சாள்” என்று மலரின் கையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்துக்குள் நிறுத்தினாள். குலசிங்கம் போனைத் தூக்கினார். சின்னத் திரைக்குள் தலைகளாக நெரிந்தது, நடுவில் மலர். அப்போதுதான் அவளை நேரே பார்த்தார், படம் எடுக்கிறவன் பார்க்கலாம், படம் எடுக்கிறவனை ஏன் பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்க முடியாது. முன் தலை நரைத்திருந்தது. கன்னம் கொஞ்சம் விழுந்திருந்தது. மூக்கு மட்டும் அப்படியே, அவருடைய மூக்கு. கண் பாலத்தையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை, போனுக்குப் பின்னால் இருந்த அவரைப் பார்த்தது. “அண்ணை, ஓரத்திலை நிக்கிற ஆக்கள் வருகினமோ?” என்றான் நிமலன். “இல்லை, கொஞ்சம் பொறு.” ஒரு அடி பின்னால் வைத்தார். ஓரத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு அடி வைத்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள், பிரான்ஸ் பக்கத்துக் கோயில் கோபுரம் வந்தது, மரம் வந்தது, ஆனாலும் பின்னால் போனார், போகப்போக அவள் சின்னதாகிக்கொண்டே போனாள், நரை தெரியாத அளவுக்கு, கன்னம் தெரியாத அளவுக்கு, இன்னும் கொஞ்சம் போனால் சின்னப் பெட்டையாகவே ஆகிவிடுவாள் போல இருந்தது, காற்று முதுகில் கை வைத்துத் தாங்கியது, அவர் போனார்.

“அண்ணை!” மலர் கையைத் தட்டினாள். “ஐயோ, எல்லாரும் பாருங்கோ! எங்கை நிக்கிறார் எண்டு பாருங்கோ! ஜேர்மனி!”

குலசிங்கம் நின்றார். திரும்பிப் பார்த்தார். மேடை எங்கேயோ முன்னால் இருந்தது, பாலம் அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தது, கீழே தண்ணீர் முடிந்து புல் தெரிந்தது, புல்லில் ஜேர்மன் பிள்ளைகள் பந்தடித்தார்கள்.

“கோடு எங்கை?” என்று கத்தினார். “கோட்டைக் காட்டு! ஒரு கோடும் இல்லை!”

“கோடு என்னத்துக்கு? அது ஜேர்மன் புல்லு!”

“புல்லை நான் மிதிக்கேல்லை. அதோடை நான் பின்னுக்கு நடந்து வந்தனான், பின்னுக்கு நடந்தது கணக்கில்லை! முகம் பிரான்சைத்தான் பாத்துக்கொண்டிருந்தது!”

பஸ் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன் சீட்டு மொட்டைக்காரர் குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மலர் மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “சரி. நீ வந்ததை ஒப்புக்கொள்ள மாட்டாய். எனக்கு அந்த வெக்கம் இல்லை. நான் முகத்தைக் காட்டிக்கொண்டே போறன், பார்!” என்று சொல்லித் திரும்பி விறுவிறென்று பிரான்ஸ் பக்கம் நடந்தாள். நல்ல நடை. ஆனால் அவள் பிடித்தது மேல் பாதை, படிப் பாதை. குலசிங்கம் அதைக் கண்டார். முதல் படியில் அவள் கால் ஒருமுறை தயங்கியதையும் கண்டார். பிறகு நடந்தது அவருக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், ஆரை இடித்தார், நிமலனின் போன் கையில் என்ன படம் எடுத்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாது, “எடியே, படி! படி! உன்ரை முழங்கால்!” என்று கத்தினது மட்டும் தெரியும். எட்டிப் பிடித்தபோது அவளுடைய முழங்கை அவர் உள்ளங்கைக்குள் இருந்தது, சூடாக, எலும்பாக, உண்மையாக.

“ஓடுறாய்,” என்றாள் மலர், மூச்சு வாங்கிக்கொண்டு. “அறுபத்தெட்டு வயசிலை.”

“நீ விழுந்தா உன்ரை புருஷன் என்னைத்தான் ஏசுவான்.”

“இப்ப நான் பிரான்சிலை நிக்கிறனோ?”

அவர் கீழே பார்த்தார். தண்ணீர் இல்லை. கரை. “நிக்கிறாய்.”

“அப்ப உன்ரை இடத்திலை, உன்ரை கையைப் பிடிச்சு, வாயாலை சொல்லுறன். நல்லாக் கேள். வீட்டை வா.”

“என்ன விசேஷம்?”

“ஒரு விசேஷமும் இல்லை. சாப்பாடு.”

“எப்ப?”

“இப்ப.”

குலசிங்கம் சிவநேசத்தைத் தேடினார். அவள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தாள், தோள் பையைத் தட்டிக் காட்டினாள், “உங்கடை உடுப்பும் மருந்தும் இதுக்குள்ளைதான் இருக்கு. பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு. ரயிலிலை திரும்பலாம்.” அவருக்கு வாயில் நுரையும் இல்லை, சோறும் இல்லை, ஆனாலும் பதில் வரவில்லை. மூன்று பேரும் தட்டைப் பாதையால் திரும்பி, மேடையில் நிமலனிடம் போனைக் கொடுத்துவிட்டு நடந்தார்கள், மலர் நடுவில், அவள் கையை அவர் விடவில்லை, முழங்காலுக்காகத்தான் விடவில்லை. இந்த முறை முகத்தைக் காட்டிக்கொண்டே போனார். புல் வந்தது. புல்லை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை, புல் புல்லாகவே இருந்தது, கொஞ்சம் ஈரம், பந்து ஒன்று காலடிக்கு உருண்டு வந்தது, உதைத்தார், அது ஏறுமாறாகப் பறந்து புதருக்குள் விழுந்தது, பிள்ளைகள் ஏதோ ஜேர்மனில் கத்தின, நல்லதாகத்தான் கத்தியிருக்கும்.

கார் ஒரு மரத்தடியில் நின்றது. மலரின் புருஷன் பரமலிங்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடி வந்தான், “வாங்கோ மச்சான், வாங்கோ” என்று இரண்டு கையாலும் பிடித்தான், கண் கலங்கினதைக் காட்டாமல் மூக்கைத் துடைத்தான். குலசிங்கம் முன் சீட்டுப் பக்கம் போனார். முன் சீட்டில் ஒரு பானை இருந்தது. பெரிய பானை, மூடியைத் துணியால் கட்டி, குறுக்கே சீட் பெல்ட் போட்டு, ஒரு பெரிய மனிதர் மாதிரி இருந்தது.

“ஆட்டுக் கறி,” என்றான் பரமலிங்கம். “நீங்கள் வந்தா இஞ்சையே பூங்காவிலை இருந்து சாப்பிடலாம், வராட்டித் திருப்பிக் கொண்டு போவம் எண்டு மலர் விடியவே காச்சினது. இப்ப வீட்டை போய்ச் சாப்பிடுவம். மச்சான், குறை நினைக்காதேங்கோ, பின்னுக்கு இருங்கோ. பின்னுக்கு வைச்சா ஊத்துப்படும். நீங்கள் ஊத்துப்பட மாட்டியள்தானே.”

மலரும் சிவநேசமும் ஏற்கெனவே இரண்டு பக்கமும் ஏறி நடுவில் ஒரு இடுக்கை விட்டு வைத்திருந்தார்கள். குலசிங்கம் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, அங்கே நுழைந்தார். முழங்கால் இரண்டும் நாடிக்கு வந்தன. ஒரு பக்கம் பெண்சாதியின் பை, மறுபக்கம் தங்கச்சியின் தோள். கார் கிளம்பியது. பானைக்கு முன் சீட்டு, தாய்மாமனுக்கு நடு இடுக்கு. நல்லது. எட்டு வருஷம் கழித்து முதல்முதல் வந்தவனை நடத்துகிற விதம் இது. இதைச் சும்மா விடுகிறதில்லை, ஆறுதலாக ஒருநாள் கேட்பேன், நல்ல நாள் பார்த்து, நாலு பேர் இருக்கிற இடத்தில். கறி வாசம் முன் சீட்டிலிருந்து மெல்ல எழும்பிப் பின்னால் வந்தது. குலசிங்கம் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். மறக்கமாட்டேன், என்று நினைத்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.